வாயும் விரலும்

நாலு மணி அடித்தபோது நெல்லைநாயகம் பிள்ளைக்குத் தன் உடம்பில் வலது காது ஒன்றுதான் மிச்சமிருப்பதாகத் தோன்றியது. காலை எட்டு மணியிலிருந்து ஊர் வரிசையாக வந்து அந்தக் காதுக்குள் மூச்சு விட்டுப் போயிருந்தது. வெற்றிலை மூச்சு, வெங்காய மூச்சு, பழையதின் புளிப்பு, சுருட்டு, வேப்பங்குச்சி, தேர்தல் நாளுக்கென்று ஜமீன் வண்டியில் ஏறும் முன் யாரோ ஊற்றிக் கொடுத்த கள். மூச்சுகள் வேறு வேறு. சொன்ன பெயர் மட்டும் அநேகமாக ஒன்று. மேலக்கரை மகாராசா. மேலக்கரை மகாராசா. சுண்டுவிரலை விட்டுக் குடைந்து பார்த்தார். பெயர் வரவில்லை, குறும்பிதான் வந்தது. இடது காதைக் கொடுத்திருக்கலாம். அது சின்ன வகுப்பில் ஓர் உபாத்தியாயர் அறைந்த நாளிலிருந்து பாதி மந்தம். பானிப்பட்டு முதல் யுத்தத்தின் வருஷத்தைத் தப்பாகச் சொன்னதற்கு விழுந்த அறை. அந்த வருஷத்தை அப்புறம் அவர் மறந்ததே இல்லை. அதைச் சம்பளம் வாங்கிக்கொண்டு பிறத்தியாருக்குச் சொல்லிக்கொடுக்கிறவராகவே ஆகிவிட்டார். சரித்திரம் அறைந்துதான் உள்ளே நுழைகிறது என்று வகுப்பில் ஒருமுறை சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டார். எந்தக் காதைக் கொடுப்பது என்று சர்க்கார் விதிப்புத்தகத்தில் இல்லை. அதில் பல விஷயங்கள் இல்லை. முப்பத்திரண்டு பக்கம், நீல அட்டை, கடைசிப் பக்கத்தில் அரக்கு உருக்குவது எப்படி என்று விஸ்தாரமாக இருக்கிறது. வாய் ஒன்று சொல்லி விரல் ஒன்று காட்டினால் வாக்குச்சாவடி அதிகாரி என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி கிடையாது.

மறைப்புத் தட்டிக்கு அந்தப் பக்கம் பெஞ்சியில் யாரோ கொட்டாவி விட்டார்கள். வக்கீல் கட்சி ஏஜெண்டாக இருக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு அந்த மனிதர் விழித்திருந்ததாகத் தெரியவில்லை. ஜமீன் கட்சி ஏஜெண்டு கொட்டாவி விடுகிற ஆள் இல்லை. அவன் குற்றாலலிங்கம், ஜமீன் காரியஸ்தன், இவருடைய மனைவியின் தம்பி. காலையில் இருந்து ஒரு பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டுக் கையிலிருந்த வாக்காளர் ஜாபிதாவில் டிக் போட்டுக்கொண்டு இருக்கிறான். நாலாம் பாரம் வகுப்பறை. சுவரில் உலகப் படம், பாதிக்கு மேல் ராஜாங்கத்தின் ரோஸ் வர்ணம். கரும்பலகையில் நேற்றைக்கு அவரே எழுதிய தேதிகளை யாரோ சரியாக அழிக்கவில்லை. இந்தத் தேதிகளுக்கு முன்னால் தென்னந்தட்டி கட்டி மறைத்து, மறைவில் ஒரு மேஜை, மேஜை மேல் மையும் பேனாவும், மேஜைக்குப் பின்னால் இவருடைய காது. பழைய அங்கத்தினர் மார்கழியில் நெஞ்சு அடைத்துச் செத்துப்போனார். மூன்று வருஷத்தில் சென்னைச் சட்டசபையில் ஒரே ஒரு தரம்தான் அவர் வாய் திறந்தார், அதுவும் ஜன்னலைச் சாத்தும்படி கேட்பதற்காக. அந்தக் காலி நாற்காலிக்கு ஆறு வாரத்தில் விசேஷத் தேர்தல் நடத்தும்படி கவர்னர் பெயரில் அறிக்கை வந்து, தாலுகா கச்சேரி வாசலில் ஒட்டி, ஆடு அதில் பாதியைத் தின்றது. நிற்பவர்கள் இரண்டே பேர். வாக்குச்சீட்டில் மேல் வரி மேலக்கரை ஜமீன்தார், கீழ் வரி வக்கீல் நாகலிங்கம். நிலம் நீச்சு உள்ளவனுக்குத்தான் ஓட்டு. படித்தவன் தானே குறி போட்டுக்கொள்வான். படிக்காதவன் தட்டிக்குப் பின்னால் வந்து, தனக்கு வேண்டியவர் பெயரை அதிகாரி காதில் சொல்ல வேண்டும், அதிகாரி அந்தப் பெயருக்கு எதிரே பெருக்கல் குறி போட்டு மடித்துப் பெட்டியில் போடுவார். சோழன் காலத்தில் பெயர் எழுதின ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள் என்று கல்வெட்டுச் சொல்கிறது. குடத்துக்குக் காது இல்லை. யோசித்தால், அது ஒன்றுதான் அந்த ஏற்பாட்டின் மேன்மை.

வாயால் சொல்ல வேண்டும் என்ற விதியைக் குற்றாலலிங்கம் ஒரு மாசத்துக்கு முன்பே இவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டான். இவரும் ஒரு வித்துவச் செருக்கோடு, இத்தனாம் பக்கம் இத்தனாம் விதி என்று ஒப்பித்தார். கேட்டது எதற்கென்று அப்புறம்தான் தெரிந்தது. ஜமீன் குடியானவர்களைக் கிராமம் கிராமமாகச் சாஸ்தா கோயிலுக்கு ஓட்டிப்போய்க் கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வைத்தான். ‘சாவடியில் என் வாயால் எஜமான் பெயரைத் தவிர இன்னொரு பெயர் சொல்ல மாட்டேன்.’ அந்த வாசகத்தைத் தானே எழுதியதாக அவனுக்கு ஒரே பெருமை. முந்தாநாள் சாயங்காலம் வந்து அக்காள் கையால் இரண்டு தடவை சொதி ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டே அதைச் சொல்லிச் சிரித்தான். “எழுத்தறிவு இல்லாதவனுக்கு வாய்தானே அத்தான் கையெழுத்து. அதை நான் முந்தியே வாங்கி வச்சிட்டேன்.” பிறகு குரலைத் தணித்து, “பெரிய வாத்தியார் சித்திரையோட போறாரு. அந்தக் கைவச்ச நாற்காலில யாரு உக்காரணும்னு ஜில்லா போர்டுல எஜமான்தான் சொல்லணும். நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். விதிப்படி நடந்தாப் போதும்” என்றான். விதிப்படி நடந்தால் போதும். இருபத்திரண்டு வருஷ வாத்தியார் வேலையில் அவரிடம் யாரும் அவ்வளவு சுலபமான ஒன்றைக் கேட்டதில்லை. அவன் போனபின் மனைவி எச்சில் இலையை எடுத்துக்கொண்டே, “எந்தம்பி உங்களை ஒண்ணும் செய்யச் சொல்லலைன்னா, அதுல ஏதோ செய்யுறதுக்கு இருக்குன்னு அர்த்தம்” என்றாள். அவளுக்குச் சரித்திரம் தெரியாது, தம்பியைத் தெரியும்.

காலையில் முதலில் வந்தவன் வெயிலுகந்தான். கறுத்து நெடிய ஆள், தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு குனிந்தான். மேலக்கரை மகாராசா என்று காதில் சொன்னான். சொல்லி நிமிர்ந்து, ஆறுதலாக மூச்சு விட்டுவிட்டு, வலது கை ஆள்காட்டி விரலைச் சீட்டின் கீழ் வரியில் வைத்தான். மண் ஏறிய நகம். “இங்கன போடுங்க, ஐயா.” “நீ சொன்னது ராஜா பேருல்லா?” என்றார் இவர். “ஆமா, சொல்லியாச்சில்லா? சத்தியம் அதோட தீந்துபோச்சி. வாயி ராசாவுக்கு. வெரலு எனக்கு.” சொல்லிவிட்டுச் சிரித்தான். அது குற்றாலலிங்கத்தின் சிரிப்புப் போல இல்லை. வெகுநாள் சுமந்த கதிர்க்கட்டைத் தலையிலிருந்து இறக்கினவன் சிரிப்பு. ஜமீன் அடைத்து வைத்திருந்த குளத்து மடையைக் கோர்ட்டில் வழக்காடித் திறக்க வைத்தவர் வக்கீல். அந்தத் தண்ணீரில் விளைந்ததைத் தின்றவன் விரல் வேறு எங்கே போகும்? சாஸ்தாவையும் ஏய்க்காமல், வக்கீலையும் கைவிடாமல், ஜமீனுக்கும் தெரியாமல், நடுவில் ஒரு சந்து கண்டுபிடித்திருக்கிறார்கள். சட்டம் படித்த எவனுக்கும் தோன்றாத சந்து. இவர் இடது கையைச் சீட்டின் குறுக்கே அணைபோல் வைத்துக்கொண்டார். அந்தக் கை அப்படிப் போனதை அவர் கவனித்தார்; இது நம் கையா என்றுகூட ஒரு க்ஷணம் தோன்றியது. கைமறைவில் மேல் வரியில் பெருக்கல் குறி போட்டு, மடித்து, பெட்டியில் போட்டார். வெயிலுகந்தான் கும்பிட்டான். “வாத்தியாரையா கையில குடுத்தாப் போதும்னுதான் எல்லாரும் பேசிக்கிட்டோம்” என்றான்.

அதற்குப் பிறகு அப்படி நாற்பது பேர். வெயிலுகந்தானோடு நாற்பத்தொன்று. எண்ண வேண்டாம் என்று நினைத்தார். தேதிகளோடு பழகின மனசு, எண்ணிவிட்டது. நாற்பத்தொரு வாய், நாற்பத்தொரு விரல். வெட்டுப்பட்ட விரல் ஒன்று, ஆறாம் விரல் ஒட்டின ஒரு கை, பக்கவாதத்தில் நடுங்கி மேல் வரிக்கும் கீழ் வரிக்கும் நடுவில் தடுமாறிய கிழவனின் விரல் ஒன்று. அந்தக் கிழவன் தன் இடது கையால் வலது கையைப் பிடித்துக் கீழ் வரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தான். அதற்கும் இவர் மேல் வரியில்தான் போட்டார். விதி என்ன சொல்கிறது? வாக்காளன் சொல்லும் பெயருக்கு எதிரே. சொல்லும். காட்டும் என்று இல்லை. மாஜிஸ்திரேட்டுக்கு முன்னால் நிறுத்திக் கேட்டாலும் இதைச் சொல்லலாம். ஆனால் யார் நிறுத்திக் கேட்கப் போகிறார்கள்? அதுதானே இதில் உள்ள அழகு. எலிப்பொறியைக்கூட இவ்வளவு கச்சிதமாகச் செய்ய முடியாது. நான் ஒன்றைக் காட்டினேன், இவர் வேறொன்றில் போட்டார் என்று எவனாவது புகார் சொன்னால், காட்டினதை அவனே ஒப்புக்கொண்டதாகும். மறுநாள் அவன் வயலில் ஜமீன் மாடு மேயும். ஆகவே ஒருவனும் சொல்ல மாட்டான். சொல்லப்போனால் நான் அவர்களைக் காப்பாற்றியிருக்கிறேன். நாளைக்குப் பெட்டியைத் திறந்து, மேலக்கரைக் கிராமங்களில் ஓட்டுக் குறைந்திருக்கிறது என்று தெரிந்தால் ராஜா சும்மா இருப்பாரா? மடை மறுபடி அடைபடும், பத்துக் குடும்பமாவது வண்டி கட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போகும். இப்போது குறையாது. எல்லாரும் விசுவாசம் என்று ராஜா சந்தோஷப்படுவார், எல்லாரும் ஏய்த்துவிட்டோம் என்று குடியானவர்கள் சந்தோஷப்படுவார்கள், எனக்குக் கைவைத்த நாற்காலி. யாருக்கு நஷ்டம்? வக்கீலுக்கு மட்டும், அவர் வக்கீல், நஷ்டம் அவருக்குப் பழக்கம். இந்த இடத்துக்கு யோசனை வந்து சேரும்போதெல்லாம் ஒரு நிம்மதி வந்தது. வந்ததும், வாயி ராசாவுக்கு, வெரலு எனக்கு என்று வெயிலுகந்தான் சிரித்தான். நிம்மதி காதுக் குறும்பி மாதிரி உதிர்ந்து போயிற்று. அந்த நாற்காலியின் கைகளில் பிரம்பு பிய்ந்திருக்கிறது. முப்பது வருஷமாகப் பெரிய வாத்தியார்களின் முழங்கை பட்டு ஒரு பக்கம் வழவழப்பு. அதை யாரும் இல்லாதபோது ஒருமுறை தடவிப் பார்த்தது உண்டு. சுவாமி விக்கிரகத்தைத் தொடுகிற மாதிரி, பயந்து. ஒரு மனிதன் எதற்கு விலைபோகிறான் என்பது சரித்திரத்தில் எழுதத் தக்க விஷயமாகவாவது இருக்க வேண்டாமா? ராஜ்யத்துக்காகத் தகப்பனைச் சிறையில் அடைத்தவனைப் பற்றி வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்கிறார்கள். பிய்ந்த பிரம்புக்காக நாற்பத்தொரு விரலை மடக்கினவனைப் பற்றிச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சிரிப்பதற்கு முதலில் தெரிய வேண்டுமே.

வெளியே போலீஸ்காரன் குரல் கேட்டது. “யம்மா, தள்ளி நில்லு. உன் பேரு இருக்கா முதல்ல?” அதற்கு ஒரு பெண் குரல், “பேரு இல்லாமலா ஆத்தைத் தாண்டி வந்திருக்கேன்? என் பேருல நிலம் இருக்கு. ஒம் பேருல என்ன இருக்கு, அந்தக் கம்பா?” வரிசையில் சிரிப்பு. குமாஸ்தா ஜாபிதாவைப் பார்த்து உரக்கப் படித்தார்: “பிரமாச்சி, புருஷன் லேட் ஊய்க்காட்டுத் தேவர், மேலக்கரை.” இந்தச் சாவடியில் மொத்தம் நான்கு பெண்கள், மற்ற மூவரும் வரவில்லை. குற்றாலலிங்கத்தின் பென்சில் நாக்குக்குப் போயிருக்கும். இந்தப் பிரமாச்சியைப் பற்றி அவன் சொல்லியிருந்தான். புருஷன் காலராவில் போனபோது, பொம்பளைக்கு எதுக்கு வயல் என்று ஜமீன் ஆட்கள் ஏர் பூட்டி வந்தார்களாம், இவள் ஏருக்கு முன்னால் படுத்துக்கொண்டாளாம். சத்தியத்துக்குக் கோயிலுக்கு வரமாட்டேன் என்றதால் அவனே வீட்டுக்குப் போய் விளக்கை அணைக்க வைத்துச் சத்தியம் வாங்கினான். அவள் தட்டியைச் சுற்றிக்கொண்டு வந்தாள். நாற்பது வயசு இருக்கும். சேலை முந்தானையால் வேர்வையைத் துடைத்துக்கொண்டு சீட்டைப் பார்த்தாள், மேஜையைப் பார்த்தாள், இவருடைய இரண்டு கைகளையும் பார்த்தாள். குனிந்து காதில் சொன்னாள். மேலக்கரை மகாராசா. அவள் மூச்சில் ஒரு வாசனையும் இல்லை. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை போலிருக்கிறது. பிறகு விரலைக் கீழ் வரியில் வைத்தாள். நாற்பத்திரண்டு என்றது மனசு. இவர் இடது கை தன்பாட்டில் சீட்டின் குறுக்கே போயிற்று.

“கைய எடுங்க” என்றாள் அவள்.

“என்னம்மா?”

“கை மறைக்குதில்லா. குறி எங்க விழுதுன்னு நான் பாக்கணும். எழுத்துத்தான் தெரியாது. மேலயும் கீழயும் தெரியும்.”

நாற்பத்தொரு பேரும் இதைக் கேட்கவில்லை. வாத்தியார் கையை வாத்தியாரிடமே எடுக்கச் சொல்லுவார்களா? அவர் கையை எடுக்கவில்லை. பேனா முனையில் மை திரண்டு நின்றது. விழுந்தால் சீட்டுப் பாழ், பாழானால் வேறு சீட்டு, வேறு சீட்டுக்குப் பதினோராம் விதி. இவளுக்கு எப்படிச் சொல்வது? வகுப்புக் குரல்தான் வந்தது, அதுவும் ரகசியமாக. “இந்தா பாரும்மா. நீ காட்டுறது கணக்கில்லை. வாய் சொல்றதுதான் கணக்கு. விதி அப்படி. நீ சொன்னது ராஜா பேரு.”

அவள் விரலை எடுக்காமல் அவர் முகத்தையே பார்த்தாள். சேறு தெளிந்து அடி தெரிகிற மாதிரி அந்தக் கண்ணில் ஒன்று மெதுவாகத் தெளிந்தது. “அப்பம், காலைலருந்து வந்தவுக?” என்றாள். “வெயிலுகந்தான் மச்சான்? எங்க பெரிய மாமா, கை நடுங்குமே, அவுக?”

அவர் உலகப் படத்தில் ரோஸ் நிறம் எங்கே முடிகிறது என்று பார்த்தார். தட்டி மறைத்தது.

“எல்லாத்துக்குமா?” என்றாள்.

“உங்க நல்லதுக்குத்தான்” என்றார். சொன்னது காதில் விழுந்ததும், அதைக் கேட்டது நல்ல காதாகப் போயிற்றே என்று வருத்தமாக இருந்தது.

“நல்லதுக்கு” என்று அவள் திருப்பிச் சொன்னாள். பரிகாசம்கூட இல்லை, கடையில் வாங்கின சாமானைக் கையில் வைத்துக் கனம் பார்க்கிற மாதிரி. “வெளிய வந்து எவ்வளவு சிரிச்சாக தெரியுமா? புளியமரத்தடில உக்காந்து இன்னும் சிரிச்சிக்கிட்டு இருக்காக.” பிறகு விரலை எடுத்தாள். நிமிர்ந்தாள். “வாய் சொல்றதுதான் கணக்கா?”

“ஆமா.”

“அப்பம் நல்லாக் கேட்டுக்கிடுங்க.” காதுக்குக் குனியவில்லை. வயலில் அந்த வரப்பில் நிற்கிறவனைக் கூப்பிடுகிற குரலில், தட்டிக்கு அப்பாலும் வாசலுக்கு அப்பாலும் கேட்கும்படி, “வக்கீல் நாகலிங்கம்! என் ஓட்டு வக்கீல் நாகலிங்கத்துக்கு! சாத்தா வந்து கேக்கதா இருந்தா எங்கிட்டயே வந்து கேக்கட்டும்!” என்றாள்.

வக்கீல் கட்சி ஏஜெண்டு விழித்துக்கொண்டு எழுந்ததில் பெஞ்சி கிரீச்சிட்டது. “என்ன அத்தான் அது? ரகசியமா இருக்கணும்லா?” என்று குற்றாலலிங்கம் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டான், கோபம் இல்லை, பென்சில் காகிதத்தில் உரசும் சத்தம் தட்டிக்கு இந்தப் பக்கம் கேட்டது. ரகசியத்தை வாக்காளனே உடைத்தால் என்ன செய்வது என்றும் விதிப்புத்தகத்தில் இல்லை. நெல்லைநாயகம் பிள்ளை இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கீழ் வரியில் பெருக்கல் குறி போட்டார். இரண்டு கோடு. காலையிலிருந்து போட்ட எல்லாக் குறிகளையும்விட அது கோணலாக இருந்தது. அவள் அதைக் குனிந்து பார்த்தாள், சரி என்பதுபோலத் தலையாட்டினாள், கும்பிடாமல் போனாள். வாசலில் போலீஸ்காரன் வழிவிட்டது கேட்டது. பிறகு அவள் குரல், யாரிடமோ, ரொம்பச் சாதாரணமாக, “வாய் சொல்றதுதான் கணக்காம், மச்சான். வெரலு கணக்கில்லையாம்” என்று கேட்டது. அதற்குப் பிறகு புளியமரத்துப் பக்கத்தில் சிரிப்புச் சத்தம் இல்லை. அது அதுவரை இருந்ததே, நின்றபோதுதான் அவருக்குத் தெரிந்தது.

மணி நாலே முக்கால். வரிசையில் இன்னும் ஏழு பேர் என்றார் குமாஸ்தா. ஏழு. ஏழும் மேலக்கரை ஆட்கள். ஏழு பேருக்கு விரல் காட்டுகிற இடத்தில் போட்டுவிடலாம். விதி? விதி கிடக்கிறது. விதிக்கும் ஒரு காதுதான், அதுவும் இடது காது. நாற்பத்தொன்றை எடுக்க முடியாது. அவை அரக்கு வைத்த தகரத்துக்குள் மடித்துக் கிடக்கின்றன, சரித்திரம் மாதிரி, இனி யாரும் திருத்த முடியாது. ஆனால் ஏழு. ஏழு ஒன்றுமில்லை, ஏழால் ஒரு தேர்தலும் மாறப்போவதில்லை, ஆனாலும் ராத்திரி படுக்கும்போது மனசு எண்ணுமே, நாற்பத்தொன்றுக்கு அப்புறம் ஏழு என்று ஒரு எண் இருக்குமே. அதற்குள் மனசு ஓடிப்போய் அந்தக் கைவைத்த நாற்காலியைக்கூடத் தொட்டுவிட்டு வந்தது: ஏழு குறைந்ததைக் குற்றாலலிங்கம் கண்டுபிடிப்பானா? கண்டுபிடித்தால்? பிடிக்கட்டும். இந்த ‘பிடிக்கட்டும்’ வந்தபோது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. பழைய சட்டையைத் தேடும்போது தொலைந்துபோன பேனாக்கத்தி கிடைத்த மாதிரி. கையை மடியிலிருந்து எடுத்து மேஜைக்குக் கீழே தொங்கவிட்டார். சீட்டை மேஜை நடுவில் நன்றாக விரித்து வைத்தார், எந்தக் கண்ணுக்கும் மேலும் கீழும் தெரியும்படி.

வந்தவன் மாடக்கண்ணு, வெயிலுகந்தானுக்குத் தம்பி. அதே நெடிய உடம்பு, அதே கறுப்பு. தட்டியைத் தாண்டும்போது ஒருமுறை திரும்பிப் பெஞ்சியைப் பார்த்தான். பென்சில் சத்தம் இன்னும் நிற்கவில்லை. குனிந்தான். அவன் மூச்சு வேகமாக வந்தது, ஓடி வந்தவன் மாதிரி. மேலக்கரை மகாராசா என்றான். காதில் சொல்ல வேண்டியதைக் கொஞ்சம் உரக்கவே சொன்னான், பெஞ்சி வரைக்கும் கேட்கும்படி.

இவர் காத்திருந்தார். பேனாவைக் கீழ் வரிக்கு நேரே பிடித்துக்கொண்டு காத்திருந்தார். விரல் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தார். மாடக்கண்ணு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, முதல் நாள் பள்ளிக்கூடத்துக்கு வந்த பிள்ளை மாதிரி விறைத்து நின்றான்.

“காட்டு” என்றார் இவர், உதடு மட்டும் அசைய. “காட்டு, அப்பா. கையைக் காட்டு. நான் போடுறேன்.”

அவன் கையை எடுக்கவில்லை. இவருடைய காதைப் பார்த்தான், பேனாவைப் பார்த்தான், கண்ணைப் பார்க்கவில்லை.

“வாய் சொல்றதுதான் கணக்குன்னு சொன்னீயளாமே, ஐயா” என்றான்.